துட்டி வீட்டில் எழுந்து நின்றவன்

சாவு வீட்டில் போய் உட்கார்ந்து, அங்கே கொடுத்த கடுங்காப்பியையும் வாங்கிக் குடித்துவிட்டு, எழுந்து நின்று கைகூப்பி, "எனக்குக் குடிப்பழக்கம் உண்டு, என்னால் நிறுத்த முடியவில்லை" என்று சொன்ன மனிதன் திருநெல்வேலிச் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் அவரைப் பார்க்க ஆசை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு சங்கம் வைக்கலாம்.

இத்தனைக்கும் அன்று நான் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தால் சரியான வீட்டுக்குப் போயிருப்பேன். போதையில் எனக்கு வழி தப்பியதே கிடையாது. தச்சநல்லூரில் நாங்கள் இருந்த தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே நிறக் கதவு. எந்த நிலையில் வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறேன். தெளிந்திருக்கும்போதுதான் எனக்குத் திசை குழம்பும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஜங்ஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் நான் எழுத்தர். மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மகள் நாலாம் வகுப்பு. நான் குடிப்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் யாருக்கும் கோபம் வராதபடி குடிக்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. காரணம், நான் வேடிக்கையாகப் பேசுகிறவன். மனைவி வாசலில் நின்றால், "இந்த வீட்ல ஒரு குடிகாரன் இருக்கானாமே, அவனைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்பேன். கல்யாணமான புதிதில் சிரித்துவிடுவாள். சிரித்துவிட்டால் அன்றைக்கு நான் தப்பித்தேன். பத்து வருஷம் இப்படியே தப்பித்தேன்.

பிறகு அவள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வந்தது. யாரும் கூப்பிடாமலே மேடையேறினேன். மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் பேசினேனாம். பிள்ளைகளைப் பெற்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். எல்லாம் அடுத்தவர் சொல்லிக் கேட்டதுதான். எனக்கே நினைவிருப்பது ஒன்று மட்டும். முன்வரிசையில் மற்ற ஆசிரியைகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி மட்டும் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எதிர்ச்சாரிச் சுவரைப் பார்ப்பார்களே, அப்படி.

அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. தட்டில் சோறு இருக்கும், துவைத்த சட்டை கொடியில் இருக்கும், பேச்சு இருக்காது. நாற்பது நாளைக்கு மேல் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, சுளகைப் பார்த்தபடி சொன்னாள்.

"மாறுதலுக்கு எழுதிட்டேன். சங்கரன்கோயில்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு இடம் காலியா இருக்கு. வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர்ட்ட மனுவைக் குடுக்கப் போறேன். பிள்ளையும் என்கூட வருது."

பெரிய டீச்சர் என்பது தலைமையாசிரியை. அவர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டால் முடிந்தது. நான், "கல்லோடு கல்லா என்னையும் பொறுக்கி எறிஞ்சிட்டியா?" என்றேன். அவள் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அப்புறம் நம் உதடு நம்முடையதா அடுத்தவருடையதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்போமே, அப்படி இருந்தது. மனசு மட்டும் என்றில்லை. விரல் நுனிகளும் சில மாதமாகவே மரத்துப் போயிருந்தன. அலுவலகத்தில் காகிதம் புரட்டினால் ஒன்றுக்கு மூன்றாகப் புரளும்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனது அந்த விரல்களுக்காகத்தான். மனைவிக்காக என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை விரல்தான். அவர் ஊசி முனையால் ஒவ்வொரு விரலாகக் குத்தி, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். நான் மரியாதைக்காக இரண்டு விரலில் தெரிகிறது என்றேன்.

"மாத்திரை எழுதித் தாரேன். ஆனா அது கேக்கணும்னா நீங்க குடியை விடணும்" என்றார்.

"அது எங்க சார் என்னை விடுது?"

அவர் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாளையங்கோட்டையில், குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் கூடுகிற ஓர் இடத்தைச் சொன்னார். மாதா கோயிலைத் தாண்டி இடது பக்கம் இரண்டாவது தெருவோ மூன்றாவது தெருவோ. கேட்டதில் பாதிதான் என் மண்டையில் நின்றது. ஆனால் அடையாளம் சொன்னது மட்டும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"போர்டு ஒண்ணும் இருக்காது. வாசல்ல பெஞ்சு கிடக்கும், நாலஞ்சு பேரு உக்காந்திருப்பாங்க. யாரும் வாங்கன்னு கூப்பிட மாட்டாங்க. பேரு கேக்க மாட்டாங்க. நீங்களாப் போய் உக்காரணும். கையைப் பிடிப்பாங்க. அவங்கவங்க கதையைச் சொல்லுவாங்க. உங்களுக்குத் தோணுச்சுன்னா நீங்களும் சொல்லலாம்."

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து இறங்கினேன். செவ்வாய் இரவுக்குப் பிறகு குடிக்கவில்லை. காதுக்குள் யாரோ அரிசி மில் ஓட்டுகிற மாதிரி இருந்தது. பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது, ஆற்றில் தண்ணீர் கிடந்ததா மணல் கிடந்ததா என்று கேட்டால் தெரியாது. மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்த ஒன்றுதான் மண்டையில் இருந்தது.

மாதா கோயில் பக்கம் இறங்கி, தெருவை யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. குடிகாரர்கள் கூடுகிற இடம் எங்கே என்று கேட்டால் எந்த ஊரிலும் பிராந்திக் கடையைத்தான் காட்டுவார்கள். நானாகவே இரண்டாவது தெருவுக்குள் திரும்பினேன்.

நாலாவது வீட்டு வாசலில் இரண்டு பெஞ்சு கிடந்தது. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். போர்டு இல்லை. எல்லாருக்கும் ஒரு வாரத் தாடி. கண் சிவந்து இமை தடித்திருந்தது. வேட்டி கசங்கல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் நடையேறியபோது ஒருத்தரும் "வாங்க" என்று சொல்லவில்லை. சரிதான், நம்ம ஆட்கள் என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குத் துட்டி வீடு என்று பேர். பதினாறாம் நாள் கழிகிறவரை அந்த வீட்டு ஆண்கள் சவரம் செய்ய மாட்டார்கள். வருகிறவர்களை வாவென்று அழைக்க மாட்டார்கள். வந்தவரும் வீட்டுக்காரரும் பேசாமல் கையை நீட்டித் தொட்டுக்கொள்வார்கள். அதுதான் துட்டி கேட்பது. இதெல்லாம் எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். நானே நூறு வீட்டில் கேட்டிருக்கிறேன். வாசலில் பந்தல் இருந்திருந்தால் எனக்கும் விளங்கியிருக்கும். அது எட்டாம் நாள், பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒவ்வொன்றும் டாக்டர் சொன்ன அடையாளமாகவே எனக்குப் பட்டது.

நடுவில் இருந்த பெரியவர் இரண்டு கையையும் நீட்டினார். நானும் நீட்டினேன். தொட்டார். டாக்டர் சொன்ன மாதிரியே நடக்கிறதே என்று ஒரு திருப்தி. பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி தூக்குச் சட்டியில் கடுங்காப்பி கொண்டுவந்து ஊற்றினாள். நன்றாக நடத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் ஆரம்பித்தார்.

"குடிக்காத அன்னைக்கு அவனை மாதிரி ஒரு மனுசனைப் பாக்க முடியாது."

"குடிக்காத நாளு எங்கவே இருந்துது?" என்றார் அடுத்தவர்.

"ஏன், தீவாளிக்கு மறுநாளு குடிக்கலையே."

"அன்னைக்குக் காய்ச்சல்லல்லா கிடந்தான்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் வாய் கோணியது, காப்பித் தம்ளரால் மறைத்துக்கொண்டேன். இவர்கள் தங்கள் கதையைத்தான் சொல்லுகிறார்கள், வெட்கம் தெரியாமலிருக்க 'நான்' என்பதற்குப் பதில் 'அவன்' என்கிறார்கள் என்று நினைத்தேன். நல்ல ஏற்பாடு என்றும் தோன்றியது.

"கடைசீல கண்ணு மஞ்சளாப் போச்சு. அப்பமும் நாளைக்கு விட்டுருதேன், நாளைக்கு விட்டுருதேன்னுதான் சொன்னான்."

 பிறகு ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஆள் யார், எந்த வழியில் பழக்கம் என்று பார்த்திருப்பார்கள். நான் அதை என் முறை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். தம்ளரை பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

எனக்கு 'அவன்' என்று சொல்ல வரவில்லை. 'நான்' என்றே சொன்னேன். குடிப்பதைச் சொன்னேன், ஆண்டு விழாவைச் சொன்னேன். நாளைக்குக் காலையில் என் மனைவி மனுவைக் கொடுத்துவிடுவாள், பிள்ளையும் போய்விடும், அதைக் கேட்டும் எனக்கு அழுகை வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது என்றேன். நடுவில் ஒரு வேடிக்கைகூடச் சொல்லவில்லை. வேடிக்கை சொல்லாமல் நான் அவ்வளவு நேரம் பேசியது பிறந்ததிலிருந்து அதுதான் முதல்தடவை.

"யாருவே இது?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார்.

"அவன்கூட வேலை பாத்தவரா இருக்கும்."

இளவயதுக்காரர் ஒருவர் எழுந்துவிட்டார். "குடிச்சிட்டு வந்து நிக்கான். பிடிச்சு வெளிய தள்ளுங்க."

"உக்காருலே" என்றார் நடுவில் இருந்த பெரியவர். "குடிச்சிருந்தா இப்படிப் பேச மாட்டான்." பிறகு என்னிடம், "இது துட்டி வீடு வே. என் தம்பி செத்து இன்னைக்கு எட்டு நாளு" என்றார்.

அப்போதுதான் கதவுக்கு உள்ளே பார்த்தேன். சுவரோரம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் இரண்டு பிள்ளைகள், சின்னது தூங்கிக்கொண்டிருந்தது, பெரியது ஸ்கேலை வைத்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கோடு.

மன்னிக்க வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். 

"நீரு தேடுத இடம் அடுத்த தெரு" என்றார் பெரியவர். "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு இரும்புக் கேட்டு இருக்கும், அதுக்குள்ள."

"அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்?"

"இவனுக்காக நானே ரெண்டு மட்டம் போய் விசாரிச்சு வச்சேன். அடுத்த வியாழன் வாரேன், அடுத்த வியாழன் வாரேன்னான்." உள்ளே திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பம் போனாலும் ஆளு இருப்பாங்க."

நான் செய்த முட்டாள்தனம் போதாதென்று, படியிறங்கும்போது பழக்கத்தில், "போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்று வேறு சொல்லிவிட்டேன். துட்டி வீட்டில் சொல்லவே கூடாத சொல். எழுந்து நின்ற இளவயதுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பெரியவர் மட்டும், "இங்கன அதைச் சொல்லப்பிடாது. பேசாமப் போம்" என்றார்.

தெரு முனைக்கு வந்ததும் எனக்கு ஒரு சந்தோஷமான யோசனை வந்தது. துட்டி வீட்டுக்குப் போனவன் குளிக்காமல் வேறெங்கும் நுழையக்கூடாது. ஆகவே சாஸ்திரப்படி நான் நேரே வீட்டுக்குத்தான் போக வேண்டும், கூட்டத்துக்கு அடுத்த வியாழன் வரலாம். குடிக்கிறவனுக்கு ஆசாரம் எவ்வளவு சீக்கிரம் கைகொடுக்கிறது பாருங்கள். கால் பஸ் நிறுத்தத்தை நோக்கித் திரும்பியும் விட்டது. அடுத்த வியாழன் என்பதை இப்போதுதான் யாரோ சொல்லக் கேட்டோமே என்று நின்றேன். யார் சொன்னதாகச் சொன்னார்கள் என்று யோசித்தேன். அவனுக்கு இன்று எட்டாம் நாள். அடுத்த தெருவுக்குப் போனேன்.

இரும்புக் கேட்டு இருந்தது. உள்ளே ஒரு வகுப்பறை. பெஞ்சு வாசலில்தான் கிடந்தது, காலி. ஒன்பது பேர் உள்ளே சின்னப் பிள்ளைகள் உட்காரும் பலகையில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் மழுங்கச் சவரம் செய்து, தலை வாரி, சட்டையில் மடிப்புக் கலையாமல். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். தெருவில் பார்த்திருந்தால் இவர்களைத் தாண்டிப் போயிருப்பேன்.

வாசலிலேயே நின்று, "துட்டி வீட்ல இருந்து குளிக்காம வந்திருக்கேன்" என்றேன்.

கடைசிப் பலகையில் இருந்தவர் நகர்ந்து இடம் விட்டார். உவரிக்காரர், வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. "உள்ள வாரும். நான் மீன் வண்டியில வந்திருக்கேன். யாரு மணம் தூக்கலா இருக்குன்னு பாப்பம்" என்றார்.

என்னைப் பேரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. என் முறை வந்தபோது குடியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை, எல்லாவற்றையும் அந்த வீட்டிலேயே கொட்டிவிட்டு வந்திருந்தேன். அதனால் வீடு மாறிப் போன கதையைச் சொன்னேன். தாடி, கடுங்காப்பி, 'போயிட்டு வாரேன்' எல்லாம் சொன்னேன். உவரிக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். கரும்பலகை ஓரத்தில் இருந்த ஒரு ரயில்வேக்காரர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். துடைத்து மாட்டிக்கொண்டு அவர்தான் கேட்டார்.

"கடைசியா எப்பம் குடிச்சீங்க?"

"செவ்வாக்கிழமை ராத்திரி."

"இப்பம் வேணும்போல இருக்கா?"

"வீட்டுக்குப் போற வழியில மூணு கடை இருக்கு சார். மூணுலயும் என்னை நல்ல மரியாதையா நடத்துவாங்க."

இதற்குச் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஏளனமாகவும் பார்க்கவில்லை. ரயில்வேக்காரர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பினார். கூட்டம் முடிந்ததும் உவரிக்காரர் என்னோடு நடந்து வந்தார்.

"உமக்கு உவரி பஸ் இந்தப் பக்கம் இல்லையே" என்றேன்.

"ஜங்ஷன் வரைக்கும் உம்மகூட வாரேன்."

"எதுக்கு?"

"மூணு கடைன்னு சொன்னீருல்லா."

 ஜங்ஷனில் இறங்கி, தச்சநல்லூர் பஸ்ஸில் நான் ஏறி அது கிளம்புகிறவரை அவர் நின்றார். கை காட்டவெல்லாம் இல்லை. பஸ் நகர்ந்ததும் திரும்பி நடந்தார். எனக்கு நன்றி என்று ஒன்றும் பொங்கி வரவில்லை. உடம்பில் அந்த வேலையைச் செய்கிற இடம் மூடிக் கிடந்தது. அவர் சட்டை முதுகில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்ததை மட்டும் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும்போது எட்டு மணி ஆகவில்லை. முன்வாசல் வழியாக ஏறாமல் பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் போய், குழாயடியில் உடுத்திய துணியோடு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். சத்தம் கேட்டு என் மனைவி பின்கட்டுக் கதவைத் திறந்து நின்றாள். நேரங்கெட்ட நேரத்தில் உடுத்திய துணியோடு குளித்தால் துட்டி வீட்டுக்குப் போய் வந்ததாக அர்த்தம். யார் செத்தார்கள் என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

நானாகவே சொல்ல ஆரம்பித்தேன். தண்ணீரை ஊற்றிக்கொண்டே முழுக்கதையையும் சொன்னேன். டாக்டர் மாதிரிப் பேசினேன், இளவயதுக்காரர் மாதிரித் தலையில் அடித்துக்கொண்டேன், பெரியவர் மாதிரிக் குரலைத் தாழ்த்தினேன். வகுப்பறையில் சொன்னதைவிட நன்றாகவே வந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். உண்மையைச் சொன்னால் நான் அதற்காகத்தான் சொன்னேன். சிரித்துவிட்டால் தப்பித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. முழுவதையும் கேட்டாள். 

"செத்துப் போனவருக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு."

 பெரிய பிள்ளை கோடு போட்டுக்கொண்டிருந்ததைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் அதிலும் ஏதாவது வேடிக்கை சேர்த்துவிடுவேன் என்று பயந்து விட்டுவிட்டேன். வாளி காலி. ஈரத்தோடு நின்றதில் குளிர் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. அவள் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே திரும்பினாள்.

"நாளைக்கு மனுவைக் குடுக்கியா?" என்றேன்.

"பெரிய டீச்சர் லீவு, திங்கக்கிழமைதான் வாராங்க."